சைக்கிளுக்கு இன்ஜின்: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

பழைய சைக்கிளில் சின்ன பெட்ரோல் இன்ஜினைப் பூட்டி ஓட்டும் பையன்கள் எங்கள் பகுதியிலும் தலைகாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "போலீசில் சொல்லுங்கள்" என்கிறார்கள் சில பெரியவர்கள். "குட்டி விஞ்ஞானி" என்று முதுகில் தட்டுகிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை.

இந்த ஆசை ஒன்றும் கேவலமானதல்ல. போரில் ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு இன்ஜின்களை 1946-ல் சைக்கிளில் பூட்டித்தான் ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா வாகனத் தொழிலைத் தொடங்கினார். முதல் வண்டிக்கு பெட்ரோல் டேங்க், வீட்டிலிருந்த வெந்நீர்க் குடுவை! அதே 1946-ல் பிரான்சில் சோலெக்ஸ் விற்பனைக்கு வந்தது. என்னைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். இன்ஜின் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ஓர் உருளை டயரில் உரசிச் சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் சோலெக்சின் வேகம் சுமார் 30 கிலோமீட்டர்தான். சட்டமும் பிரேக்கும் அந்த இன்ஜினுக்கென்றே செய்யப்பட்டவை.

நம் பையன்கள் வாங்கும் 'கிட்' அப்படியல்ல. சைக்கிள் பழையது, இன்ஜின் மட்டும் புதியது. பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைப் போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து முறுக்கி இறுக்குகிறார்கள். மனிதன் மிதிக்கும் பலத்துக்காகச் செய்த கம்பிகள் அவை. இன்ஜின் அதிர்வில் நட்டுகள் ஒவ்வொன்றாகத் தளரும். மழையில் ஈரமான ரிம்மில் பழைய கம்பி பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியாததா? வேகம் 15-லிருந்து 30 ஆனால், வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு. 45 ஆனால் ஒன்பது மடங்கு. பள்ளியில் படித்த கணக்குதான்.

இனி என் குமாஸ்தா புத்திக்குத் தோன்றுவது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சி.சி.க்கு மேற்படாத இன்ஜின் இருந்தால் அது 'மோட்டார் வாகனம்' ஆகாது. அதைத் தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். கிட்டில் பெரும்பாலும் வருவது 49 சி.சி. அல்லது அதற்கும் மேல். வீட்டில் பூட்டிய வண்டிக்கு ஆர்.சி. வாங்குவது எளிதல்ல, ஆர்.சி. இல்லாமல் இன்சூரன்சும் இல்லை. விடியற்காலையில் கடற்கரைக்கு நடந்து போகும் நம் வயதுக்காரர் ஒருவர் அடிபட்டால், ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் விழும்? பையனின் அப்பா தலையில்தான்.

அதற்காகத் தடுக்கச் சொல்லவில்லை. கையில் கிரீஸ் படாமல் யாரும் மெக்கானிக் ஆனதில்லை. பேரன் இன்ஜின் வேண்டும் என்று கேட்டால், முதலில் நல்ல பிரேக்கும் கெட்டியான சக்கரமும் வாங்கிக் கொடுங்கள். இன்ஜின் எத்தனை சி.சி. என்று பில்லை வாங்கிப் பாருங்கள். 25-க்கு மேல் என்றால் வீட்டு வாசலுக்குள்ளேயே பூட்டட்டும், கழற்றட்டும், கற்றுக்கொள்ளட்டும். தெரு எல்லோருக்கும் பொது.