விண்டோஸ் 10-க்கு விடை கொடுத்தாச்சு: வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது?

“ஓடுற வரைக்கும் ஓடட்டும்.” வீட்டு மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இதுதான் பதில். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றுதான் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஸ்கிரீன் அணையவில்லை, ஃபைல்கள் காணாமல் போகவில்லை. அதனாலேயே, எதுவும் நடக்கவில்லை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனதுதான் நடந்த மாற்றம். விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் நிரல்களில் பெரும்பகுதி பொதுவானது. 11-ல் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டால், அதைப் பிரித்துப் பார்க்கும் ஹேக்கருக்கு 10-ல் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரு வீட்டுக்குப் பூட்டு மாற்றும்போது பக்கத்து வீட்டுப் பூட்டின் பலவீனமும் ஊருக்குத் தெரிந்துபோன மாதிரி.

2017 மே மாதம் வான்னாகிரை வைரஸ் இப்படித்தான் பரவியது. அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் இருந்து ஆந்திர போலீஸ் நிலையங்கள் வரை பாதிப்பு இருந்தது. அப்போது போடாமல் விட்டவர்களுக்கு அப்டேட் என்ற ஒன்றாவது இருந்தது. இப்போது சாதாரண விண்டோஸ் 10-க்கு அதுவும் வராது.

11-க்கு ஏன் மாற முடியவில்லை?

இலவசம்தானே, 11-ஐப் போட்டுவிடலாமே என்று தோன்றும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், செக்யூர் பூட் வசதி, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸர் ஆகியவை வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். 2017 வாக்கில் ஆசையாக வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேமோடு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும், தேர்வில் ஃபெயில். இந்தக் கட்டுப்பாட்டால் உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணித்தது.

ரூஃபஸ் போன்ற டூல்களை வைத்து இந்தச் சோதனையைத் தாண்டி 11-ஐப் போடவும் வழி இருக்கிறது. சர்வீஸ் கடைகளில் இதைச் செய்து தருகிறார்கள். ஆனால், அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. மிகப் பழைய பிராசஸர்களில் 24எச்2 பதிப்பு துவங்கவே துவங்காது. அப்டேட்டுக்காகத்தான் மாறுகிறோம் என்றால், அது வருமா வராதா என்று தெரியாத இடத்துக்குப் போவதில் அர்த்தமில்லை.

அவசரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு அவகாசம் உண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை கிளவுடில் சேமித்தால் கட்டணம் இல்லை. அது வேண்டாம் என்றால் 30 டாலர். விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பாக மட்டும் இருக்க வேண்டும். முடிவெடுக்க நேரம் தேவைப்படுகிறவர்களுக்கு இது போதும். பிரச்சினையைத் தள்ளிப்போடுமே தவிர தீர்க்காது.

லினக்ஸ்: புதுசு இல்லை

பேச்சு அடுத்து லினக்ஸுக்கு வரும். தமிழ்நாட்டுக்கு இது புதிய பெயர் அல்ல. அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு சேர்த்து, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். பக்கத்தில் கேரளத்திலோ அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் வகுப்பே லினக்ஸில்தான் நடக்கிறது.

விண்டோஸில் இருந்து முதல் முறையாக வருகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் பழகுவதற்கு எளிது. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என்று பார்க்கவும் விண்டோஸ் மாதிரியே இருக்கும். 64-பிட் கணினியாக இருந்து, 4 ஜிபி ரேம் இருந்தால் போதும். 22-வது பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஜூம், விஎல்சி எல்லாம் கிடைக்கும். நெட் பேங்கிங், யூடியூப், ரயில் டிக்கெட், வாட்ஸ்அப் வெப் என்று வீட்டு வேலைகளில் பாதிக்கு மேல் பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடுவதால், கீழே ஓடுவது விண்டோஸா லினக்ஸா என்று பல நாள் ஞாபகமே வராது. பிரவுசர் மட்டுமே போதும் என்றால் கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸையும் பார்க்கலாம். ஆனால் அதில் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடாது.

சிக்கல் அந்த ஒரே ஒரு சாஃப்ட்வேரில்

மாறியவர்கள் திரும்ப விண்டோஸுக்கே போனால், பெரும்பாலும் லினக்ஸ் கஷ்டமாக இருந்தது என்பதற்காக அல்ல. வீட்டில் யாருக்கோ தினமும் தேவைப்படும் ஒரே ஒரு விஷயம் ஓடவில்லை என்பதற்காகத்தான். அப்பாவுக்கு டேலி. தம்பிக்கு வேலரன்ட் கேம். டிசைன் வேலை செய்கிறவருக்கு ஃபோட்டோஷாப். இவை மூன்றும் விண்டோஸுக்கானவை. லினக்ஸில் நேரடியாக இல்லை. மேக்ரோ நிறைந்த எக்செல் ஷீட் லிப்ரே ஆஃபீஸில் திறக்கும், ஆனால் அப்படியே வேலை செய்யும் என்று நம்ப முடியாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

பிரின்டரும் இதே ரகம். நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் நிறையப் பார்க்கக்கூடிய கேனான் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட வைக்க நிறைய மெனக்கெட வேண்டும். எச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஒரு பிளக்-இன் கூடுதலாக இறக்கினால் போதும்.

தமிழில் டைப் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. என்எச்எம் ரைட்டர், அழகி இரண்டும் விண்டோஸ் சாஃப்ட்வேர்கள். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். யூனிகோடில் எழுதுகிறவருக்கு ஒரு நாளில் பழகிவிடும். பாமினி, வானவில் காலத்து ஃபைல்கள் இருந்தால் அந்த எழுத்துருவைப் போட்டுப் படிக்கலாம். அதே முறையில் தொடர்ந்து டைப் செய்ய வேண்டும் என்றால்தான் சிரமம்.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சவுண்ட் வருகிறதா, பிரின்டர் தெரிகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் தெரிந்துவிடும். பென்டிரைவில் கொஞ்சம் மெதுவாக ஓடும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நிறுவுவதற்கு முன்பு போட்டோக்களையும் ஆவணங்களையும் வெளியே ஒரு டிஸ்கில் எடுத்து வைப்பது கட்டாயம். லேப்டாப்பில் பிட்லாக்கர் ஆன் ஆகி இருந்தால் அதன் ரெகவரி கீயையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

“சிஸ்டம் ரொம்ப ஸ்லோ” என்பதுதான் முக்கியப் புகார் என்றால் குற்றவாளி விண்டோஸாக இல்லாமலும் இருக்கலாம். சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பேசாமல் புதுசு வாங்கிவிடலாம் என்பவர்களுக்கும் இது நல்ல நேரம் இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் இருந்து ரேம் விலை எகிறிவிட்டது.

சொந்தக் கணினியை மாற்றுவது ஒன்று, ஊரில் அப்பா அம்மா பயன்படுத்துவதை மாற்றுவது வேறு. லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறுகிறவர், அடுத்த ஆறு மாதத்துக்கு போனில் ஹெல்ப்டெஸ்க்காக இருக்கத் தயாராக வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு நாள் பிரின்ட் வரவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போவார்கள். கடைக்காரர் கிராக் செய்த விண்டோஸைப் போட்டு அனுப்பிவிடுவார். அது அப்டேட் இல்லாத விண்டோஸ் 10-ஐவிட மோசம். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு கணியம் இணையதளத்தில் லினக்ஸ் பற்றி நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன.

டேலிக்காகவோ பிரின்டருக்காகவோ விண்டோஸ் 10-ஐ விடவே முடியாதவர்கள் அதை அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நெட் இணைப்பைக் கழற்றிவிடலாம். பேங்க் பாஸ்வேர்டும் இமெயிலும் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், அப்டேட் வந்துகொண்டிருக்கும் போனிலேயே இருக்கட்டும்.