ஊராட்சித் தேர்தலை இனியும் தள்ளிப்போடக் கூடாது

தமிழகத்தின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தபின், தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களைக் கொண்டே ஊராட்சிகளை நடத்துவது ஏற்கத்தக்கதல்ல. 2020 ஜனவரியில் பொறுப்பேற்றவர்கள் மூன்றே மாதத்தில் கொரோனா பொது முடக்கத்தைச் சந்தித்தார்கள். நகரங்களில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்களைத் தனிமைப்படுத்துவது, தெருவுக்குக் கிருமிநாசினி தெளிப்பது, முதியவர் வீட்டுக்கு அரிசி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது என எல்லாம் ஊராட்சியின் தலையில்தான் விழுந்தன. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு மத்திய அரசு அந்த ஆண்டு கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியதும் கிராமமே கடைசிப் புகலிடம் என்பதால்தான். அந்த அனுபவத்துக்குப் பிறகு ஊராட்சிகளுக்கு அதிகாரமும் நிதியும் கூடியிருக்க வேண்டும், நடந்ததோ நேர்மாறு. தேர்தல் தாமதத்துக்கு வார்டு மறுவரையறையும் ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைப்பதும் காரணமாகக் காட்டப்படுகின்றன. அவை தேவையான பணிகளே. ஆனால், பதவிக்காலம் முடியும் நாள் ஐந்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்ததுதானே? காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு. குடிநீர்த் தொட்டி பழுதானால் அலுவலரிடம் மனு கொடுக்கலாம்; அவரை வாக்களித்து மாற்ற ஊராருக்கு வழியில்லை. அரசு தேர்தல் தேதியை உடனே அறிவிக்க வேண்டும். பதினோராவது அட்டவணையில் உள்ள 29 பொருள்களுக்குரிய அதிகாரத்தையும் நிதியையும் புதிய மன்றங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.