காரண்டி கேப்புக்குத்தான், பல்லுக்கு இல்லை

போன வாரம் பூங்காவில் நடை முடித்து உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல்லுக்கு ஜிர்கோனியா கேப், 10 வருட காரண்டி. "காசு கூடத்தான் சார், ஆனா ஆயுசுக்கும் நிக்குமாம்" என்றார். பல்லைச் செதுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். "அதெல்லாம் அஞ்சே நிமிஷம். கைதேர்ந்த டாக்டர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நான் டாக்டர் இல்லை. 32 வருடம் லேபில் உட்கார்ந்து கேப் செய்தவன். நோயாளியின் முகத்தைப் பார்த்ததில்லை. அச்சில் வார்த்து வந்த பல்லைப் பார்த்திருக்கிறேன். செதுக்கியவரின் கை அதில் அப்படியே தெரியும். அதனால் சொல்கிறேன்: கேப் நிலைப்பது அதன் விலையால் அல்ல, அடியில் இருக்கும் பல்லைச் செதுக்கிய விதத்தால்.

இரண்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் பிரிக்கப் படாத பாடு படுகிறோம். சுவர்கள் ஏறக்குறைய நேராக இருப்பதுதான் காரணம். பல்லும் அப்படித்தான் நிற்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 6 டிகிரி சாய்வு என்பது பாடப்புத்தகக் கணக்கு. வாய்க்குள் அது கஷ்டம். 10 முதல் 20 வரை பரவாயில்லை. எனக்கு வந்தவற்றில் பல கோபுரம் மாதிரிக் கூம்பியிருந்தன. உயரமும் வேண்டும்: கடைவாய்ப்பல்லில் 4 மி.மீ., மற்றவற்றில் 3. அது இல்லாமல் கேப் கழன்றால் பழி சிமெண்டுக்கும் லேபுக்கும்தான்.

குறைவாகச் செதுக்கினாலும் தொல்லை. உலோகத்தின் மேல் பீங்கான் வைக்கக் கடிக்கும் பரப்பில் 2 மி.மீ. அளவுக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் பீங்கான் தெறிக்கும், அல்லது கேப் உயர்ந்து இடிக்கும். "இடம் போதவில்லை டாக்டர்" என்று போன் செய்தால், "எதிர்ப்பல்லைத் தேய்ச்சுக்கறேன், நீங்க அனுப்புங்க" என்று பதில் வரும். பாவம், அந்த எதிர்ப்பல் என்ன குற்றம் செய்தது?

அடுத்தது ஓரம். கேப் முடியும் கோடு தெளிவாக இருக்க வேண்டும். ஈறுக்குள் ஆழமாகத் தோண்டி, ரத்தத்தோடு அச்சு எடுத்தால் கோடு தெரியாது. ஓரம் சரியாக உட்காராத இடத்தில் சிமெண்ட் கரையும், சொத்தை நுழையும். எலும்புக்கு மேல் ஈறு பல்லைப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 2 மி.மீ. தேவை, அந்த இடத்தில் கேப் புகுந்தால் ஈறு வீங்கிக் கசிந்துகொண்டே இருக்கும்.

ரூட் கேனால் செய்த பல்லுக்கு இன்னொன்று. உலக்கைக்குப் பூண் எதற்கு? மரம் பிளக்காமல் இருக்க. கேப்பும் அதுபோல ஈறுக்கு மேலே 2 மி.மீ. சொந்தப் பல்லைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அடைத்த சிமெண்டை மட்டும் பிடித்தால் ஒருநாள் கேப்பும் முளையும் சேர்ந்து கையோடு வரும், அல்லது வேர் பிளக்கும்.

இதைவிடக் கொடுமை, அழகுக்காக நல்ல முன்பற்களைச் செதுக்குவது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் எடை போட்டே பார்த்தார்கள்: முழுக் கேப்புக்காக முன்பல்லின் வெளித்தெரியும் பகுதியில் 63 முதல் 72 சதவீதம் போய்விடுகிறது. எனாமல் நகம் போலத் திரும்ப வளராது.

இப்போது ஸ்கேனர் வந்துவிட்டது, கம்ப்யூட்டர் செய்கிறது என்பார்கள். வரட்டும். ஈறுக்குள் மறைந்த ஓரம் ஸ்கேனருக்கும் தெரியாது. கோணலாகச் செதுக்கிய பல்லுக்கு அது கச்சிதமான கேப் செய்து தரும், அவ்வளவுதான்.

நானும் யோக்கியன் இல்லை. கோடு தெரியாத அச்சுகளில் பென்சிலால் உத்தேசமாகக் கோடு போட்டு எத்தனையோ கேப் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் அந்த டாக்டர் வேறு லேபுக்குப் போய்விடுவார் என்று முதலாளிக்குப் பயம். எனக்குச் சம்பளப் பயம். அந்தக் கேப்புகள் யார் வாயில் என்ன செய்தனவோ.

ஆகவே, விலையும் பிராண்டும் விசாரிக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பல்லுக்குக் கேப் அவசியமா, அடைத்தால் போதாதா? செதுக்கிய பின் எவ்வளவு பல் மிஞ்சும்? ஓரம் எங்கே முடியும்? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டுவார்.

நண்பரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கேப் உடைந்தால் புதுசு இலவசம் என்று இருந்தது. பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை.