கம்ப்யூட்டர் தப்பு என்று சொன்ன ஆட்டம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டால், "பையன் படிப்புக்கு" என்பார்கள். எங்கள் செங்கல்பட்டில் 2022க்குப் பிறகு இன்னொரு பதிலும் சேர்ந்து கொண்டது. "பையன் செஸ் ஆடுறான், அதுக்குத்தான்!" என் அக்காவும் அப்படித்தான் வாங்கினார், மாதத் தவணையில். வீட்டில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறவன் நான் ஒருவன்தான். ஆகவே என்ன புரோகிராம் போட வேண்டும் என்று தேர்வு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த வேலையைச் சரியாகச் செய்தேனா என்பதில் எனக்கே சந்தேகம் வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

2022ல் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லி விடுகிறேன். 44வது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. உக்ரைன் போரினால் அங்கிருந்து மாற்றப்பட்டு, நான்கே மாத அவகாசத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜூலை 28ல் தொடங்கி ஆகஸ்ட் 10 வரை நடந்தது. ஆட்டங்கள் நடந்த இடம் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி. நானும் ஒரு நாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறிப் பார்த்து விட்டு வந்தேன். வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை பொம்மை பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கவே பெரிய கூட்டம்.

ஒலிம்பியாட் தொடங்கும் முன் ஒவ்வொரு அணிக்கும் ரேட்டிங் சராசரியைக் கணக்கிட்டு வரிசை எண் தருவார்கள். ஓப்பன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது அமெரிக்கா. 16, 18 வயதுப் பையன்களை வைத்துக் கட்டிய இந்தியா 'பி' அணிக்கு 11வது இடம். உஸ்பெகிஸ்தானுக்கு 14வது இடம். முடிவில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், இந்தியா 'பி'க்கு வெண்கலம். அமெரிக்கா ஐந்தாவது. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார். எட்டாவது சுற்றில் அவரிடம் தோற்றவர் அமெரிக்காவின் கருவானா. பட்டியல் ஒன்று சொல்ல, பலகையில் வேறொன்று நடந்தது.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் செஸ் வகுப்பில் சேராத பையன்கள் குறைவு. அக்கா மகனும் சேர்ந்தான். இப்போது அவனுக்குப் பதினொன்று முடிந்து விட்டது.

அவன் கம்ப்யூட்டரில் நான் போட்டது ஸ்டாக்பிஷ். 2008ல் வெளியான இலவச புரோகிராம். யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்யலாம், அதன் மூல நிரலைக் கூடப் பார்க்கலாம். 1997ல் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐ.பி.எம். நிறுவனத்துக்கு டீப் புளூ என்ற தனி சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. இன்று உங்கள் மேஜை மேல் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டரே ஸ்டாக்பிஷ் மூலம் எந்த உலகச் சாம்பியனையும் வீழ்த்தி விடும். இவ்வளவு நல்ல பொருள் காசில்லாமல் கிடைக்கிறதே என்று சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தேன்.

விளைவு இதுதான். பலகையின் ஓரத்தில் ஒரு பட்டை தெரியும். வெள்ளைக்குச் சாதகம் என்றால் வெள்ளைப் பகுதி உயரும், கறுப்புக்கு என்றால் இறங்கும். பையன் பலகையைப் பார்ப்பதையே விட்டு விட்டான். பட்டையைத்தான் பார்த்தான். ஒவ்வொரு காயை நகர்த்தும் முன்பும் அம்புக்குறி எங்கே காட்டுகிறது என்று பார்த்து அதையே செய்தான். இத்தாலியன் ஓப்பனிங்கில் பதினான்கு நகர்த்தல்கள் வரை மனப்பாடம். ஒரு போட்டியில் எதிராளி ஐந்தாவது நகர்த்தலிலேயே வேறு ஏதோ செய்து விட்டான். அவ்வளவுதான், இவனுக்குக் கை ஓடவில்லை. தோற்று விட்டு வந்து, மண்டபத்து வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதான். "நான் இனிமே ஆட மாட்டேன் மாமா. அவன் தப்பா ஆடினான், நான் சரியா ஆடினேன், நான் எப்படித் தோத்தேன்?" என்றான்.

இந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

பதில் எனக்கு வேறொரு இடத்தில் கிடைத்தது. பையன் போனில் போகிமான் கார்டு விளையாட்டும் ஆடுவான். இருபது கார்டுகள் கொண்ட கட்டு ஒன்றைத் தயார் செய்து எதிராளியோடு மோத வேண்டும். நெட்டில் 'இந்த வாரத்தின் சிறந்த கட்டு' என்று போட்டிருப்பார்கள். இவன் அதை அப்படியே காப்பி அடிப்பான். எதிரே வருபவனும் அதையேதான் காப்பி அடித்திருப்பான். (நாங்கள் சின்ன வயதில் ஆடிய மல்யுத்த வீரர் ட்ரம்ப் கார்டில் இந்த வம்பு இல்லை. கையில் என்ன வந்ததோ அதுதான்.)

கார்டு விளையாட்டுக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. ரிச்சர்டு கார்பீல்டு உருவாக்கி 1993ல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' தான் இந்த வகைக்கு முன்னோடி. 2015ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த பெரிய போட்டியில் சாக் எல்சிக் என்பவர் ஒரு விசித்திரமான கட்டோடு வந்தார். எல்லோரும் பலசாலி மிருகங்களை வைத்துத் தாக்குவார்கள். இவர் கட்டில் தாக்குவதற்கென்று மிருகங்களே இல்லை. ஒரு விளக்குக் கார்டு, எதிராளி அடுத்து எடுக்கப் போகும் கார்டைத் திறந்து காட்டும். அது நல்ல கார்டாக இருந்தால் இன்னொரு கார்டை வைத்து அதைத் தூக்கிக் குப்பையில் போடுவார். உதவாத கார்டாக இருந்தால் எடுத்துக் கொள்ள விடுவார். மிருகங்களைக் கொல்ல எதிராளி சேர்த்து வைத்திருந்த கார்டுகளுக்கு வேலையே இல்லை. எல்சிக் அந்தப் போட்டியை வென்றார். 2018ல் பில்பாவோ நகரில் லூயிஸ் சல்வாட்டோ அதே வகைக் கட்டோடு புரோ டூர் பட்டத்தையே வென்றார்.

செஸ்ஸில் இதற்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார். 1980ல் சுவீடனின் ஸ்காரா நகரில் ஐரோப்பிய அணிகள் போட்டி. உலகச் சாம்பியன் கார்போவ், ராஜாவின் முன் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் பதிலுக்கு ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். அதாவது ஏ6. அடுத்து அதன் பக்கத்துச் சிப்பாயை பி5க்குத் தள்ளினார். செஸ் வகுப்பில் இப்படி ஆடினால் தலையில் குட்டுவார்கள். 46 நகர்த்தல்களில் ஜெயித்தது மைல்ஸ்!

அந்த ஆட்டத்தைப் பையனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் முதலில் செய்தது ஸ்டாக்பிஷ்ஷை ஆன் செய்ததுதான். வெள்ளைக்கு முக்கால் புள்ளிக்குப் பக்கத்தில் சாதகம் என்று காட்டியது. "பாத்தியா மாமா, கம்ப்யூட்டரே தப்புன்னு சொல்லுது!" என்றான். எனக்கு ரோஷம் வந்து விட்டது. அடுத்த உள்ளூர் போட்டியில் கறுப்புக் காய் வரும் ஆட்டம் எல்லாவற்றிலும் நான் இதையே ஆடுவேன் என்று பந்தயம் கட்டினேன்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம். அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிளஸ் 1 என்றால் ஒரு சிப்பாய் அளவு லாபம் என்பது பழைய கணக்கு. 2022ன் இறுதியில் வந்த ஸ்டாக்பிஷ் 15.1 பதிப்பில் இதை மாற்றினார்கள். இரண்டு பக்கமும் ஸ்டாக்பிஷ்ஷே ஆடினால் ஜெயிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் என்றால் அது பிளஸ் 1. "இரண்டு பக்கமும் ஸ்டாக்பிஷ்ஷே ஆடினால்" என்பதை அடிக்கோடு போட்டுக் கொள்ளுங்கள். செங்கல்பட்டு கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் பறக்கும் ஸ்கோர் ஷீட்டைப் பிடித்துக் கொண்டு ஆடும் நம்மைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லவில்லை.

போட்டி ஏழு சுற்று, ஆளுக்கு 15 நிமிடம். எனக்கு நான்கு முறை கறுப்பு வந்தது. முதல் எதிராளி ஒரு பள்ளி மாணவன். ஏ6 என்றதும் சிரித்தான். பி5 என்றதும் சிரிப்பு நின்றது. விட்டத்தைப் பார்த்து மூன்று நிமிடம் யோசித்தான். பாவம், அவன் படித்து வைத்திருந்த சிசிலியன் எல்லாம் எல்சிக் எதிராளியின் கார்டுகள் போல ஆகி விட்டது. நேரம் போதாமல் தோற்றான். அடுத்த கறுப்பு ஆட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர். அவசரமாகக் குதிரையை சி3யில் வைத்தார். என் பிஷப் பி7ல் வந்து நின்றது. பி4 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையை விரட்டினேன். குதிரை போனதும் நடுச் சிப்பாயைக் காக்க ஆளில்லை, பிஷப் அதைத் தின்று விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது கறுப்பு ஆட்டம் ஒரு சிறுமியோடு. பத்து வயது இருந்தால் அதிகம். ஏ6க்கு அவள் சிரிக்கவும் இல்லை, முழிக்கவும் இல்லை. முதல் நகர்த்தலில் இருந்தே எல்லாவற்றுக்கும் யோசிப்பவள் போல, இதற்கும் யோசித்தாள். பிஷப்பை டி3க்குக் கொண்டு வந்து நடுச் சிப்பாயைக் காவல் செய்தாள். கேஸ்லிங் செய்தாள். ராணியைப் பின்னால் கொண்டு வந்து நிறுத்தினாள். பிறகு ஏ4 என்று தள்ளி என் ஓரத்தைப் பிய்த்துப் போட்டாள். ஆட்டம் முடிந்ததும் வீட்டில் எந்த சாப்ட்வேரில் பயிற்சி செய்கிறாய் என்று கேட்டேன். தாத்தாவோடு ஆடுவேன் அங்கிள் என்றாள். (அங்கிள் என்றது தோல்வியை விட வலித்தது.) வீட்டுக்கு வந்து அந்த ஆட்டத்தை ஸ்டாக்பிஷ்ஷில் போட்டுப் பார்த்தேன். அவள் ஆடிய முதல் எட்டு நகர்த்தல்களில் ஒன்றைக் கூட அது குறை சொல்லவில்லை.

நான்காவது டிரா. மொத்தத்தில் ஏழுக்கு நான்கு புள்ளி. வழக்கமாக எனக்கு மூன்று வரும். கறுப்பில் இரண்டரை, முறையாகப் படித்து ஆடிய வெள்ளையில் ஒன்றரை. இதில் ஏ6 செய்தது எவ்வளவு, அதிர்ஷ்டம் செய்தது எவ்வளவு என்று ஏழு ஆட்டங்களை வைத்துச் சொல்ல முடியாது. பொறியியல் படித்தவன் அந்த அளவுக்காவது நியாயமாக இருக்க வேண்டும்.

உடனே சில வாசகர்கள், அப்படியானால் கம்ப்யூட்டர் வேண்டாம் என்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. 2024 நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். பதினோராவது ஆட்டத்தில் குகேஷ் மூன்றாவது நகர்த்தலிலேயே பி4 என்று சிப்பாயைத் தள்ளினார். அந்த மேடையில் அதிகம் பார்க்க முடியாத ஆட்டம் அது. டிங் லிரென் தொடக்கத்திலேயே நேரத்தைச் செலவழித்து 29 நகர்த்தல்களில் தோற்றார். முதல் ஆட்டத்தில் இதே மருந்தை டிங் பிரெஞ்சு டிபென்ஸ் ஆடிக் குகேஷுக்குக் கொடுத்திருந்தார். இதற்கெல்லாம் பின்னால் கம்ப்யூட்டரோடு செய்த உழைப்பு இருக்கிறது. அவர்கள் அதனிடம் கேள்வி கேட்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். எனக்கு இருக்கும் சண்டை இதில்தான்.

எனவே அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்பாட்டை மாற்றினேன். லிசெஸ் என்ற தளம் 2010 முதல் இருக்கிறது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. பிரவுசரிலேயே ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. அதில் கம்ப்யூட்டரோடு ஆட ஒன்று முதல் எட்டு வரை நிலைகள் உண்டு. பிடித்த ஒரு நிலையைப் பலகையில் அமைத்து அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆய்வுப் பக்கத்தில் எஞ்சினை ஆப் செய்ய ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள், மிக முக்கியமான பட்டன் அதுதான். பையனுக்கு இப்போது சட்டம் இது: ஆடிய ஆட்டத்தை முதலில் எஞ்சின் இல்லாமல் பார்த்து, எங்கே தப்பு செய்தோம் என்று நோட்டில் எழுத வேண்டும். பிறகுதான் சுவிட்ச். முதல் வாரம் நோட்டில் "தெரியல" என்றே பக்கம் பக்கமாக எழுதினான்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். நெட்டில் வேறொருவரோடு ஆடும்போது பக்கத்து விண்டோவில் எஞ்சினைத் திறந்து வைத்துப் பார்ப்பது ஏமாற்று வேலை. சின்னப் பிள்ளைகளுக்கு அது ஏமாற்று என்றே தெரிவதில்லை. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி விடுவார்கள். நேரடிப் போட்டியிலோ, ஆடும் இடத்தில் பாக்கெட்டில் போன் இருந்தாலே ஆட்டம் போய் விடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கொளவாய் ஏரிப் பக்கம் நடந்து விட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பையன் பலகையை எடுத்து வந்தான். எனக்கு வெள்ளை. நான் இ4 என்றேன். அவன் ஏ6 என்றான்! நானும் அந்தக் கல்லூரி மாணவரைப் போலவே குதிரையை சி3யில் வைத்து, நடுச் சிப்பாயைப் பறிகொடுத்தேன். கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடியிருந்தது. அக்காவுக்கு அதுதான் கவலை. "டேய், இன்னும் அஞ்சு மாசத் தவணை பாக்கி இருக்குடா" என்கிறார்.