கர்த்தர் சொன்னாரா, நீங்கள் சொன்னீர்களா?

கிறிஸ்தவர்களாகிய நம்மிடம் ஒரு தனி மொழி இருக்கிறது. அதற்கு அகராதி போட்டால் இப்படித்தான் வரும்:

"ஜெபித்துக்கொள்கிறேன்" – பேச்சை முடித்துக்கொள்வோம்.
"கர்த்தருக்குச் சித்தமானால் வருகிறேன்" – வரமாட்டேன்.
"ஒரு ஜெபக்குறிப்பாகத்தான் சொல்கிறேன்" – புறணி பேசப்போகிறேன்.
"ஆண்டவர் எனக்கு உணர்த்தினார்" – முடிவெடுத்துவிட்டேன், யாரும் கேள்வி கேட்காதீர்கள்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். நம் ஆசைக்கும் கோபத்துக்கும் கடவுளின் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்கிறோம். பத்துக் கட்டளையில் மூன்றாவது, அவர் பெயரை வீணாக எடுக்காதே என்பது. அது ஏதோ கெட்ட வார்த்தைக்கான தடை என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்வதைவிட வீணாக எடுப்பது வேறு என்ன இருக்கிறது?

இதைக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும். "சாட்சியைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன பிரதர்? ஒரு ஆத்துமா தொடப்படுகிறதே!" இரண்டு நாள் காய்ச்சல் சாட்சியில் மரணப்படுக்கை ஆவதும், ஐம்பது பேர் கூட்டம் அறிக்கையில் ஐந்நூறு ஆவதும் இந்த நியாயத்தில்தான். யோபு இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார். கடவுளுக்காக வாதாடுகிறோம் என்று வந்த நண்பர்களிடம், அவருக்காகப் பொய் பேசுவீர்களோ என்று கேட்கிறார் (யோபு 13:7). நம் பொய்யின் உதவியில்லாமல் நிற்க முடியாத கடவுளையா நாம் கும்பிடுகிறோம்?

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்பவர்கள் ரவி சகரியாஸ் கதையைப் பாருங்கள். 1946-இல் சென்னையில் பிறந்தவர். விசுவாசத்துக்கு அறிவுபூர்வமாக வாதாடியவர் என்று உலகமே கொண்டாடியது. அவர் பெற்றவை கௌரவ முனைவர் பட்டங்கள்தான். ஆனாலும் பல ஆண்டுகள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' ஓடிக்கொண்டிருந்தது. (நம் ஊர் கன்வென்ஷன் போஸ்டர்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில் அவருடைய அமைப்பே வெளியிட்ட விசாரணை அறிக்கை, அவர் பல ஆண்டுகள் பெண்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததை உறுதி செய்தது.

அந்த அறிக்கையில் ஒரு பெண் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. தன்னோடு சேர்ந்து கடவுளுக்கு நன்றி சொல்லி ஜெபிக்க வைத்தாராம். ஊழியத்துக்குக் கிடைத்த வெகுமதி நீ என்றாராம். வெளியே சொன்னால், தன் பெயர் கெட்டு லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இழந்துபோவதற்கு நீதான் பொறுப்பு என்று மிரட்டினாராம். ஜெபம், ஊழியம், ஆத்துமா... எல்லாம் நம் அகராதியின் வார்த்தைகள். அந்த மொழிக்கு முன்னால் கேள்வி கேட்கக்கூடாது என்று பழக்கிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் அவருக்கு ஆயுதம் ஆனது.

வேறு மாதிரி வாழ முடியாதா? முடியும். மத்தேயு 5:37-இல் இயேசு சொன்னது எளிமையானது: ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவோம் என்றால் மற்ற நேரத்தில் பேசுவது என்ன என்று கேட்டு, நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் எடுக்க மறுத்துச் சிறைக்குப் போனார்கள். 1696-இல் நாடாளுமன்றம் அவர்களுக்காகச் சட்டத்தை மாற்றியது. கடையில்கூட பேரம் பேசமாட்டார்கள். பத்துக்குக் கொடுக்கப்போகும் பொருளுக்குப் பதினைந்து சொல்வது பொய்யாம். ஒரே விலை. சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாறாது என்று ஊர் நம்பியது. இதைவிடப் பெரிய சாட்சி எந்த மேடையில் கேட்டிருக்கிறோம்?

நம் சபைகளில் உண்மைக்கு இடமே இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்றால் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்ல வேண்டும். வேலை போனவரும் அதையே சொல்கிறார், பிள்ளையைப் பறிகொடுத்தவரும் அதையே சொல்கிறார். ஆனால் 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். புலம்பலாகத் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. கடவுளால் தாங்க முடிகிற உண்மையை நம் சபையால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பெரிய சீர்திருத்தம் எதுவும் நான் கேட்கவில்லை. ஜெபிக்கிறேன் என்றால் ஜெபியுங்கள். வரமுடியாது என்றால் வரமுடியாது என்று சொல்லுங்கள். உங்கள் கருத்தை உங்கள் கருத்தாகவே சொல்லுங்கள், அதை மறுக்கும் உரிமை எங்களுக்கு இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரு பாஸ்டர் கிடைத்தால், அவர் பெயருக்கு முன்னால் எந்தப் பட்டமும் இல்லாவிட்டாலும் நான் போய் உட்கார்ந்து கேட்பேன்.