மறையச் சம்மதித்தவர்கள்

இந்த இதழின் தலையங்கம் ஒரு வீடியோ கேமைப் பற்றியது. பெயர் ‘போகிமான் மிஸ்டரி டஞ்சன்: எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆஃப் ஸ்கை’. 2009 ஏப்ரலில் ஜப்பானிலும், அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவிலும் வெளியானது. இரண்டு திரைகளோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடிய நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்காகச் செய்யப்பட்டது. அட்டைப்படத்தில் குட்டிப் பிராணிகளைப் பார்த்தவுடன் பெரியவர்கள் இதைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு நாவலுக்கோ திரைப்படத்துக்கோ நாம் கொடுக்கும் கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பிறருக்கு விடிய வேண்டும் என்பதற்காக ஒருவர் தான் இருந்த சுவடே இல்லாமல் போகச் சம்மதிப்பாரா என்ற கேள்வி இதன் நடுவில் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கதாபாத்திரத்திடம் மட்டும் கேட்டுவிட்டு இது நிற்பதில்லை. விளையாடுகிறவரிடமும் கேட்கிறது. கதையின் முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது என்பதால், முடிவு தெரியாமல் விளையாட விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் இதன் வம்சாவளி. 1980இல் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் ‘ரோக்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். அதில் படங்கள் கிடையாது. சுவர்களும் வாசல்களும் கோடுகள், புள்ளிகள். அரக்கர்கள் ஆங்கில அரிச்சுவடியின் 26 எழுத்துகள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் நிலவறையின் வரைபடம் புதிதாகப் பிறக்கும். செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளும் அந்த விளையாட்டின் பெயரிலேயே ஒரு தனி வகைமையை உருவாக்கின. ‘டிராகன் குவெஸ்ட்’ தொடரின் ஆரம்ப விளையாட்டுகளுக்கு நிரல் எழுதிய கோயிச்சி நாகமுராவின் சுன்சாஃப்ட் நிறுவனம், 1993இல் இதை ஜப்பானுக்கு ஏற்றபடி மாற்றியது. ‘டிராகன் குவெஸ்ட் 4’இல் வந்த வணிகர் டொர்னெகோவை நாயகனாக்கி அவர்கள் செய்த விளையாட்டிலிருந்துதான் ‘மிஸ்டரி டஞ்சன்’ தொடர் தொடங்குகிறது. அந்த வடிவத்துக்குள் போகிமான் என்ற பிராணிகள் வந்தது 2005இல். 2007இல் ‘டைம்’, ‘டார்க்னஸ்’ என்று இரண்டு பதிப்புகளாக வந்த கதையின் விரிந்த வடிவமே ‘ஸ்கை’.

விளையாடும் முறை எளிது. மேலிருந்து பார்க்கும் கட்டக்கட்டமான தரை. நீங்கள் ஓர் அடி வைத்தால் எதிரிகளும் ஓர் அடி வைப்பார்கள். நீங்கள் நின்றால் உலகமே நிற்கும். விரல் வேகத்துக்கு இங்கே வேலையே இல்லை; யோசனைக்குத்தான் வேலை. படிக்கட்டைத் தேடிப் பிடித்து அடுத்த தளத்துக்குப் போக வேண்டும். வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. நடக்க நடக்கக் குறையும். ஓர் ஆப்பிள் தின்றால் 50 கூடும். பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அதற்காக ஒரே தளத்தில் பதுங்கிக் காலம் கடத்தலாம் என்றால் ஒரு காற்று கிளம்பி வந்து உங்களை வெளியே அள்ளிப் போட்டுவிடும். ஆக, இருப்பதை வைத்துக்கொண்டு முன்னே போவதைத் தவிர வழியில்லை.

ஓர் இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஏழாவது தளம். ஆளில்லாத அறை போலத் தெரிகிறது, தரையெங்கும் பொருள்கள். காலை வைத்த கணத்தில் இசை மாறுகிறது. மேலேயிருந்து பத்துப் பன்னிரண்டு எதிரிகள் குதிக்கிறார்கள். இதற்கு ‘மான்ஸ்டர் ஹவுஸ்’ என்று பெயர். பையில் தூக்க விதை ஒன்று, உயிரைக் கூட்டும் ஓரன் பழம் ஒன்று, பாதி காலியான வயிறு. பின்வாங்கி ஒற்றையடி நடைபாதைக்குள் நுழைந்துவிட்டால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உங்களைத் தொட முடியும். ஆனால் கூட வந்த தோழன் இன்னும் அறைக்குள் நிற்கிறான். அவன் விழுந்தாலும் பயணம் முடிந்தது. அடுத்த அடியை எங்கே வைப்பது? எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வைத்த அடியைத் திரும்ப எடுக்க மட்டும் முடியாது. விழுந்துவிட்டால் கையிலிருந்த பணம் போகும், பையிலிருந்தவற்றில் பலவும் போகும். கற்றுக்கொண்ட பலம் மட்டும் மிஞ்சும். ‘ரோக்’கின் கொடூரத்தை இவர்கள் குழந்தைகளுக்காகத் தணித்தது இந்த ஓர் இடத்தில்தான். பொறுப்பை அவர்கள் தணிக்கவில்லை.

விழுந்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு. தான் விழுந்த இடத்தைச் சொல்லும் ஒரு கடவுச்சொல்லை இன்னொரு விளையாட்டுக்காரருக்கு அனுப்பலாம். அவர் தன் கருவியில் அதே நிலவறைக்குள், அதே தளம் வரை இறங்கி வந்து மீட்பார். நிண்டெண்டோ 2014 மே மாதத்தில் டிஎஸ்ஸுக்கான இணையச் சேவையை நிறுத்திவிட்டது. ஆனால் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் கடவுச்சொல்லுக்கு எந்தச் சேவையும் தேவையில்லை. அது இன்றும் செல்லும்.

மற்ற போகிமான் விளையாட்டுகளில் மனிதர்தான் பயிற்சியாளர். பிராணிகளைப் பந்தில் பிடித்துச் சண்டைக்கு விடுவார். இங்கே நீங்களே பிராணி. தொடக்கத்தில் உங்கள் சுபாவத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. பதில்களை வைத்து நீங்கள் எந்த உருவமாக எழுவீர்கள் என்று முடிவாகிறது. மனிதனாக இருந்த நினைவையும் உங்கள் பெயரையும் தவிர வேறு எதுவும் இல்லாமல் ஒரு கடற்கரையில் கண் விழிக்கிறீர்கள். மனிதர் இல்லாத அந்த ஊரில் வங்கி இருக்கிறது, கடை இருக்கிறது, பொருள் காப்பகம் இருக்கிறது, உதவி கேட்டு வரும் கடிதங்களை ஒட்டும் பலகை இருக்கிறது. சண்டை போடுவது அங்கே தொழில் அல்ல. தொலைந்ததைத் தேடுவதும் மாட்டிக்கொண்டவரை மீட்பதுமே தொழில். முதல் வேலை, ஸ்பாயிங்க் என்ற குட்டிப் பன்றி தலையில் தாங்கி நின்ற முத்தைத் தேடிக் கொடுப்பது. நன்றியாக 2000 காசு கிடைக்கிறது. நீங்களும் தோழரும் சேரும் ஆய்வாளர் சங்கமான கில்டின் கணக்குப்பிள்ளை, சாட்டாட் என்ற பறவை, வந்து, கில்டின் பங்கை எடுத்துக்கொண்டு 200ஐ மட்டும் கையில் வைக்கிறது. முதல் சம்பளத்தில் பிடித்தம் போனதைப் பார்த்து விழித்த எவருக்கும் அந்த இடம் புரியும்.

இந்தக் கதையின் அசல் நாயகர் நீங்கள் அல்ல, உங்கள் தோழர் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் காட்சியில் அவர் கில்டின் வாசலில் தனியாக நிற்கிறார். உள்ளே போகிறவரின் காலடியைக் கீழேயிருந்து பார்த்துச் சொல்வதற்காக அங்கே ஒரு கம்பிச்சட்டம் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் ஏறுகிறார். அடியிலிருந்து குரல் வருகிறது. பயந்து இறங்கிவிடுகிறார். கையில் ஒரு பழைய கல்துண்டு. அதன் மர்மத்தைத் தேடிப் போக வேண்டும் என்பது கனவு. வாசலைத் தாண்டவே துணிச்சல் இல்லை. திரும்பிக் கடற்கரைக்கு வருகிறார். மாலை வெயிலில் நண்டுகள் குமிழி ஊதிக்கொண்டிருக்கின்றன. அங்கேதான் உங்களைக் கண்டெடுக்கிறார். இந்த ஒரு காட்சியில் ஒரு பாத்திரம் முழுசாக நின்றுவிடுகிறது. நாயகனுக்கு, ஒரு பொருளைத் தொட்டால் அதன் கடந்ததும் வருவதும் தெரியும் ஆற்றல் உண்டு. நம்பிக்கைக்குரிய ஒரு துணை பக்கத்தில் இருந்தால்தான் அந்த ஆற்றல் வேலை செய்யும் என்பது பின்னால் தெரியவருகிறது. அந்தக் கோழைத் தோழர் இல்லாமல் நீங்கள் எதுவும் இல்லை என்பதை விளையாட்டு ஒரு விதியாகவே எழுதிவைத்திருக்கிறது.

உலகின் காலத்தை ஓட வைப்பவை ‘காலப் பற்சக்கரங்கள்’. குரோவைல் என்பவன் அவற்றை ஒவ்வொன்றாகத் திருடுகிறான். திருடிய இடத்தில் காலம் நின்றுபோகிறது. அவனைப் பிடிக்க டஸ்க்னோர் என்ற புகழ்பெற்ற ஆய்வாளர் வருகிறார். ஊரே அவரைக் கொண்டாடுகிறது. பிறகு கதை தலைகீழாகிறது. டஸ்க்னோர் நாயகனையும் தோழரையும் எதிர்காலத்துக்கு இழுத்துச் செல்கிறார். அங்கே காற்று இல்லை, விடியல் இல்லை. எல்லாம் சாம்பல் நிறம். திருடன் என்று நினைத்தவன், பற்சக்கரங்களைக் காலத்தின் கோபுரத்தில் சேர்த்து அந்த இருட்டு வராமல் தடுக்கத்தான் காலத்தைக் கடந்து வந்திருக்கிறான். அவனோடு கிளம்பிய மனிதத் தோழர் வேறு யாருமல்ல, நினைவிழந்த நீங்கள். இதையெல்லாம் சரிசெய்துவிட்டால் அந்த எதிர்காலம் இல்லாமல் போகும். அதில் பிறந்த குரோவைலும் நீங்களும் கூடவே மறைவீர்கள். இது உங்களுக்குத் தெரியும், தோழருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே அந்தக் கோபுரத்தில் ஏறுகிறீர்கள். உங்கள் விரல்தான் ஏற்றுகிறது.

வடிவமும் கதையும் இங்கேதான் ஒன்று சேர்கின்றன. அதுவரை பல மணி நேரம், விழுவதற்கு ஒரு விலையும் எழுவதற்கு ஒரு வழியும் உண்டு என்று விளையாட்டு நம்மைப் பழக்கியிருக்கிறது. விழுந்தால் எழுப்பும் விதை பையில் இருக்கும், மீட்க யாராவது வருவார்கள், போனது காசுதான். பழக்கம் எலும்பில் ஊறிய பிறகு, எந்த விதையாலும் திரும்ப முடியாத ஒரு போக்கைக் காட்டி, இதற்குச் சம்மதமா என்கிறது. வசனத்தால் மட்டும் எழுதப்பட்டிருந்தால் இந்த எடை வந்திருக்காது.

டஸ்க்னோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. மறைந்துபோகப் பயப்படுகிறவர். நின்றுபோன உலகமாக இருந்தாலும் அதில்தான் அவர் பிறந்தார், அதில் இருக்கவே விரும்புகிறார். ‘ஸ்கை’ பதிப்பில் புதிதாகச் சேர்ந்த ஐந்து தனிக்கதைகளில் கடைசியானது, எதிர்காலத்துக்குத் திரும்பிய குரோவைலையும் டஸ்க்னோரையும் பின்தொடர்கிறது. ஒருவன் மறையச் சம்மதித்தவன், இன்னொருவர் சம்மதிக்காதவர். இருவரும் ஒரே பனிவழியில் நடக்கிறார்கள். உனக்குப் பயமில்லையா என்பதுதான் ஒருவர் மற்றவரிடம் கேட்க விரும்பும் ஒரே கேள்வி. வாழ்ந்த நாளின் நீளத்தைவிட அதில் செய்தது பெரிது என்ற முடிவுக்கு வில்லனும் வந்து சேர்வதை, உபதேசமாக இல்லாமல் தோல்விகளின் வழியாகக் காட்டுகிறார்கள். சிறுவர்களுக்காக எழுதப்பட்ட ஒன்றில் வில்லனின் பயத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பது அபூர்வம்.

குறைகளும் உண்டு. நிலவறைகள் புதிது புதிதாகப் பிறந்தாலும் நூறாவது அறைக்கு மேல் அவற்றுக்குள் வேறுபாடு தெரிவதில்லை. தோழரை இயக்கும் கணினி அறிவு பல சமயம் மந்தம். எதிரியைப் பார்த்ததும் உங்களை விட்டுவிட்டு ஓடுவார். கில்டின் நாள்முறை நடுப்பகுதியில் இழுக்கிறது. ஒரே கதையை 2007இல் இரண்டு அட்டைகளாகவும் இரண்டு ஆண்டு கழித்து மூன்றாவதாகவும் விற்றது கலைக்காக அல்ல, கல்லாவுக்காக. முதலிரண்டையும் வாங்கிய சிறுவர்களுக்கு அந்த ஐந்து கதைகளும் எட்டவில்லை. எங்கள் பெரிய மனக்குறை முடிவில் இருக்கிறது. மறைந்த நாயகனை, தோழரின் துயரத்தைக் கண்ட காலத்தின் தெய்வம் திருப்பி அனுப்பிவிடுகிறது. தோழர் தனியாக ஊர் திரும்பி, அந்தக் கடற்கரையில் உடைந்து அழும் காட்சியோடு முடித்திருந்தால் இது ஒரு மகத்தான படைப்பாக இருந்திருக்கும். திருப்பி அனுப்பியதால் மிக நல்ல படைப்பாக நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளையைத் தேம்பவிட்டு அனுப்ப மனம் வராதவர்களின் முடிவு அது என்று புரிந்துகொள்கிறோம்; ஏற்றுக்கொள்ளவில்லை.

2020இல் நிண்டெண்டோ ஸ்விட்சுக்காகப் புதுப்பிக்கப்பட்டது 2005ஆம் ஆண்டின் முதல் விளையாட்டு மட்டுமே. ‘ஸ்கை’யை நிண்டெண்டோவின் வீ யூ கருவியில் இறக்கிக்கொள்ள ஒரு வழி இருந்தது, அந்த இணையக்கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. 15 கோடிக்கு மேல் விற்ற கருவி டிஎஸ். அதில் வந்த மிகச் சிறந்த கதைகளில் ஒன்றை இன்று புதிதாகக் காசு கொடுத்து வாங்க இடமில்லை. அச்சில் இல்லாத புத்தகத்துக்கு நூலகம் உண்டு, பழைய புத்தகக் கடை உண்டு, நகலெடுத்துக் காப்பாற்றும் வாசகர்கள் உண்டு. விளையாட்டுக்கு அந்த அளவுக்கு ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை. எழுத்தின் மூலமாவது அதைக் காப்பாற்றி வைப்பது விமர்சகர்களின் வேலை.

தமிழ்ச் சிற்றிதழ்கள் அந்த வேலையை இதுவரை தங்களுடையது என்று நினைத்ததில்லை. உலகத் திரைப்படம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்திருந்து அழுத கதைகளைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்து, கவிதையும் கதையும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம்: நீங்கள் விளையாடியதை எழுதுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லாதீர்கள். எந்த இடத்தில் உங்கள் விரல் தயங்கியது, அந்தத் தயக்கத்தை அங்கே வைத்தவர் எப்படி வைத்தார் என்று எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து அதற்கான பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.