புற்றுநோய் தொற்றுமா? மட்டிகளின் ரத்தத்தில் சிக்கிய விசித்திரம்... பின்னணி என்ன?

புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. டாக்டர்கள் எத்தனை முறை சொன்னாலும், நோயாளியின் தட்டு, டம்ளரைத் தனியா எடுத்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. அதனால் ‘கடலில் தொற்றும் புற்றுநோய்’ என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஃபார்வர்டு பட்டனைத் தட்டிடாதீங்க. விஷயம் உண்மைதான். ஆனால் அது மட்டிகளின் கதை.

வைரஸைத் தேடிப் போனவர்கள்

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், சேற்றில் புதைந்து வாழும் ஒரு வகை மட்டிக்கு ரத்தப் புற்றுநோய் போன்ற நோய் வருவது 1970களிலேயே தெரியும். தெளிவாக இருக்க வேண்டிய ரத்தம் பால் மாதிரி கலங்கிவிடும். முற்றினால் மட்டி செத்துவிடும். கூட்டம் கூட்டமாகப் பரவியதால், வைரஸ்தான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். நியாயமான சந்தேகம்தான். நோயுற்ற மட்டிகளில், ரெட்ரோவைரஸ்கள் பயன்படுத்தும் ஒரு நொதியின் தடயமும் கிடைத்திருந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் காஃப் குழு தேடியபோது, டிஎன்ஏவுக்குள் இடம்விட்டு இடம் தாவும் ஒரு மரபுத் துண்டு சிக்கியது. அதற்கு ‘ஸ்டீமர்’ என்று பெயர் வைத்தார்கள். சாதாரண செல்லில் சில பிரதிகளே இருக்கும் அது, புற்றுநோய் செல்லில் நூற்றுக்கும் மேல் இருந்தது.

உண்மையான அதிர்ச்சி 2015இல் வந்தது. புற்றுநோய் செல்லின் டிஎன்ஏ, அது இருந்த மட்டியின் டிஎன்ஏவோடு பொருந்தவே இல்லை! ஆனால் நியூயார்க், மெய்ன், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என வெவ்வேறு இடங்களில் எடுத்த புற்றுநோய் செல்கள் ஒன்றோடொன்று பொருந்தின. அப்படின்னா? என்றோ ஒரு மட்டியில் உருவான புற்றுநோய், அந்த மட்டி செத்த பிறகும் தண்ணீர் வழியே மற்ற மட்டிகளுக்குள் புகுந்து வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதன் வயது 200 ஆண்டுகளுக்கும் மேல் என்கிறது 2023இல் வந்த மரபணு ஆய்வு.

நமக்கு வருமா?

வராது. மட்டியின் புற்றுநோய் செல் மனித உடலில் வளர்ந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. நமது நோய் எதிர்ப்புச் சக்தி அந்நிய செல்லை அடையாளம் கண்டு அழித்துவிடும். மனிதர்களுக்குள் புற்றுநோய் செல் கைமாறுவது, உறுப்பு மாற்று சிகிச்சை போன்ற மிக அரிதான சூழலில்தான். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி தொற்றும். ஆனால் அங்கே தொற்றுவது வைரஸ், புற்றுநோய் அல்ல. அதைத் தடுக்கத் தடுப்பூசியும் இருக்கிறது.

மட்டிகளுக்குத்தான் சிக்கல். அவை தண்ணீரை உறிஞ்சி வடிகட்டியே சாப்பிடுபவை. கடலில் மிதக்கும் செல் நேராக உள்ளே போய்விடும்.

இனம் மாறியும் தாவுகிறது இந்த நோய். ஸ்பெயினில் ஒரு வகை மட்டிக்கு வந்த புற்றுநோய், வேறொரு இனத்திலிருந்து வந்தது என 2016இல் தெரிந்தது. பாறையில் ஒட்டி வளரும் ஒரு சிப்பி வகையின் புற்றுநோயோ ஐரோப்பாவிலும், அதற்கு வெகுதூரத்தில் சிலி, அர்ஜென்டினா கரைகளிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே வம்சம். அத்தனை தூரத்தை அந்த செல்கள் தாங்களாகவே மிதந்து கடந்திருக்க முடியாது. ஆய்வாளர்களின் சந்தேகம் கப்பல்கள் மீது.